5 கட்டையிலிருந்து 3 கட்டைக்கு: கீ ஸ்விட்ச் உள்ள மிடி ட்ராக்குகளில் சுருதி மாற்றிய அனுபவம்

தைப்பூசக் காவடிக்கு மொரீஷியஸில் உள்ள எங்கள் ரோஸ் ஹில் குழு பாடும் பாடல் ஒன்றின் பின்னணி இசை 5 கட்டையில் செய்யப்பட்டிருந்தது. இந்த வருடம் பாடுகிற அக்காவின் குரலுக்கு அது 3 கட்டைக்கு இறங்க வேண்டும். வெறும் மிடி ட்ராக் (ஒலியை அல்ல, எந்த நோட்டை எப்போது வாசிப்பது என்ற குறிப்புகளை மட்டும் வைத்திருப்பது) என்றால் எல்லா நோட்டையும் தேர்ந்தெடுத்து இறக்கிவிட்டுப் போய்விடலாம். இந்தக் கோர்வையில் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ், புல்லாங்குழல் எல்லாமே கீ ஸ்விட்ச் உள்ள சாம்பிள் லைப்ரரிகள், அதாவது நிஜ வாத்தியங்களைப் பதிவு செய்து வைத்த தொகுப்புகள். அதோடு மிருதங்கம், தவில், ரவான் (இங்குள்ள சேகா இசையின் தோல் வாத்தியம்), தம்புரா. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கையாள வேண்டியிருந்தது. கோர்வை செய்தவர் வேறு ஒருவர். கோப்பு என் கைக்கு வந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. அதனால் எந்த நோட்டு எதற்கு என்று கண்டுபிடிப்பதிலிருந்தே வேலை தொடங்கியது. நான் பயன்படுத்திய இசை மென்பொருள் ரீப்பர். மற்ற மென்பொருள்களில் பட்டன்களின் பெயர்தான் மாறும், விஷயம் ஒன்றுதான்.

முதலில் கணக்கு. 5 கட்டையிலிருந்து 3 கட்டைக்கு எத்தனை செமிடோன் (ஒரு கட்டையிலிருந்து ஒட்டிய அடுத்த கட்டைக்கு, கறுப்பையும் சேர்த்து, உள்ள படி)? இரண்டு கட்டை, ஒரு கட்டைக்கு இரண்டு செமிடோன், ஆக நான்கு என்று தோன்றும். அது தப்பு. ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் 1 கட்டை சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 ஈ, அடுத்தது நேரே 4 கட்டை எஃப். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. 4½ எஃப் ஷார்ப், 5 ஜி. ஆக 5லிருந்து 4½, 4, 3 என்று மூன்றே படி. மென்பொருளில் போட வேண்டியது -3. பாடுபவர்கள் கட்டையில் பேசுவார்கள், மென்பொருள் செமிடோனில் கேட்கும். நடுவில் நிற்பவர் இந்த அட்டவணையைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் பாதிப் பேர் பாட்டையே ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறவர்கள், ஒத்திகையில் பேச்செல்லாம் கிரியோலில்தான் நடக்கும். ஆனாலும் சுருதி என்று வந்தால் எல்லோரும் கட்டைக் கணக்குக்குத்தான் வருவார்கள்.

கீ ஸ்விட்ச் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயலின் லைப்ரரி ஒன்றில் ஒரே சுரத்தை நீட்டி வாசித்தது, லெகாட்டோவாக இழைத்து வாசித்தது, ஸ்டக்காட்டோவாக வெட்டி வாசித்தது, பிட்சிகாட்டோவாக விரலால் சுண்டியது, ட்ரெமலோவாக நடுங்க வைத்தது என்று தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். எது வேண்டும் என்று லைப்ரரிக்குச் சொல்ல, கீபோர்டில் அந்த வாத்தியம் தொடாத ஒரு மூலையில் சில கட்டைகளை ஒதுக்கியிருப்பார்கள். அந்தக் கட்டையை அழுத்தினால் சத்தம் வராது, வாசிப்பு முறை மட்டும் மாறும். மிடியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு நோட்டு. வயலின் வாசிக்கும் பஞ்சமத்துக்கும் 'இனிமேல் பிட்சிகாட்டோ' என்ற கட்டளைக்கும் மிடியில் எந்த வித்தியாசமும் இல்லை: இரண்டுமே 0 முதல் 127 வரையுள்ள ஓர் எண்தான். அதனால் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னால் மென்பொருள் கட்டளையையும் சேர்த்தே இறக்கும்.

கோப்பைப் பிரதி எடுத்து, அப்படி மொத்தமாக இறக்கினால் என்ன ஆகிறது என்று கேட்டுப் பார்த்தேன். இந்த வயலின் லைப்ரரியில் கீ ஸ்விட்சுகள் இப்படி இருந்தன: 24 நீட்டு, 25 லெகாட்டோ, 26 ஸ்டக்காட்டோ, 27 பிட்சிகாட்டோ, 28 ட்ரெமலோ, 29 ட்ரில். எல்லாம் மூன்று இறங்கியதும் 24, 25, 26 மூன்றும் 21, 22, 23 ஆகிவிட்டன. அங்கே எதுவும் கிடையாது, லைப்ரரி அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. 27 இறங்கி 24 ஆனது, அதாவது பிட்சிகாட்டோ வர வேண்டிய இடத்தில் நீட்டு. 28 இறங்கி 25, ட்ரெமலோவுக்குப் பதில் லெகாட்டோ. ஸ்டக்காட்டோ வர வேண்டிய இடத்தில் அது வரவேயில்லை. கேட்டால் பாட்டு ஏதோ மந்தமாக, சோகமாக ஒலிக்கிறது, அவ்வளவுதான். உடைந்து போன மாதிரி இல்லை. சுருதி இறங்கியதால் அப்படி இருக்கிறது என்று நினைத்து விட்டுவிட நிறைய வாய்ப்பு உண்டு.

அதே பிரதியை +2 ஏற்றியும் பார்த்தேன். அப்போது நீட்டு ஸ்டக்காட்டோ ஆகிறது, லெகாட்டோ பிட்சிகாட்டோ ஆகிறது, ஸ்டக்காட்டோ ட்ரெமலோ ஆகிறது. முதல் தாளத்திலேயே காது எரிந்துவிடும். ஏற்றும்போது வரும் கோளாறு தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும், இறக்கும்போது வருவது பதுங்கியிருக்கும். ஸ்விட்சுகள் கீழ் மூலையில் இருக்கும் லைப்ரரிகளுக்கு இது பொருந்தும். ஸ்விட்ச் வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

இங்கே எண்களையே எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மிடியில் 60 என்பது நடு சி. அதை யமஹா வழக்கில் சி3 என்பார்கள், ரோலண்ட் வழக்கில் சி4. இசை மென்பொருள்களில் கியூபேஸ் சி3 என்று காட்டும், ரீப்பர் சி4 என்று காட்டும், எஃப்எல் ஸ்டுடியோவில் அதே நோட்டு சி5. லைப்ரரியின் கையேட்டில் 'சி0 நீட்டு' என்று போட்டிருந்தது. ரீப்பரில் அது சி1 வரிசையில் இருக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோவில் திறந்தால் சி2. பெயரை நம்பித் தேடினால் ஓர் ஆக்டேவ் தள்ளிப் போய் நிற்போம். 24 என்ற எண் எங்கே போனாலும் 24தான். ரீப்பரிலும் லாஜிக்கிலும் இந்தக் காட்சியை மாற்றிக்கொள்ள வசதி உண்டு, கையேட்டோடு ஒத்துப்போகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் குறிப்பு எழுதும்போது எண்ணாகவே எழுதுவது நல்லது. அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் எந்த மென்பொருளில் திறப்பார் என்று நமக்குத் தெரியாது.

ஒவ்வொரு ட்ராக்காகத் திறந்து, சத்தம் வராத நோட்டுகள் எந்த எண்ணில் இருக்கின்றன என்று பார்த்து, பியானோ ரோலில் (நோட்டுகளைக் கோடுகளாகக் காட்டும் திரையில்) அந்த வரிசைகளுக்குப் பெயர் எழுதினேன். ரீப்பரின் மிடி எடிட்டரில் இடப்பக்கக் கட்டையின் மேலேயே பெயர் போட்டுக்கொள்ளலாம். இது சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாமல் எதையும் நகர்த்தக் கூடாது. பெயர் போட்ட பிறகு ஒரு பார்வையிலேயே தெரிகிறது: கீழே ஒற்றை ஒற்றையாகச் சின்னச் சின்ன நோட்டுகள் கட்டளை, மேலே அடர்த்தியாக இருப்பது இசை.

அப்புறம் ஒத்திகை. பாடுபவரைக் கேட்காமல் சுருதியை நிரந்தரமாக மாற்றுவது வீண் வேலை. அக்கா 3 கட்டை என்று சொன்னாலும், அனுபல்லவியில் மேல் காந்தாரம் வரைக்கும் போகிற இடத்தை நின்று பாடிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 5 கட்டையில் அந்த மேல் காந்தாரம் 71, 3 கட்டையில் 68. ஒத்திகை நேரத்தில் -2, -3, -4 என்று உடனுக்குடன் மாற்றிக் காட்ட வேண்டும், ஆனால் கீ ஸ்விட்ச் அசையக் கூடாது.

இதற்கு ரீப்பரோடு வரும் சின்ன ஜேஎஸ் பிளகின் (துணை நிரல்) ஒன்று போதும். மிடி நோட்டுகளைச் சுருதி மாற்றுவதற்கானது அது. எத்தனை செமிடோன் என்று ஒரு ஸ்லைடர், எந்த நோட்டிலிருந்து என்று ஒன்று, எந்த நோட்டு வரைக்கும் என்று ஒன்று. அந்த எல்லைக்குள் இருக்கும் நோட்டுகளை மட்டும் மாற்றும், வெளியே இருப்பதை அப்படியே விட்டுவிடும். வயலினுக்கும் வியோலாவுக்கும் கீழ் எல்லை 40 என்று வைத்தேன். கட்டளைகள் 24 முதல் 29 வரை இருப்பதால் அவை தொடப்படாமல் கடந்து போகின்றன. செல்லோவின் அடி நோட்டு 36, அதனால் அங்கே கீழ் எல்லை 32. பிளகினை ட்ராக்கில் லைப்ரரிக்கு மேலே, அதாவது அதற்கு முன்னால் வைக்க வேண்டும். கீழே வைத்தால் மிடி ஏற்கெனவே லைப்ரரிக்குள் போய் ஒலியாகிவிட்டிருக்கும்.

டபுள் பாஸில் இது தலைகீழ். பாஸ் வாத்தியத்தின் தாழ்ந்த ஈ தந்தி 28. கீழ் மூலையில் இடமில்லாததால் அந்த லைப்ரரியில் ஸ்விட்சுகளை மேலே, 84க்கு மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அங்கே கீழ் எல்லை 0, மேல் எல்லை 80. எல்லா ட்ராக்குக்கும் ஒரே அமைப்பை நகலெடுத்துப் போட்டால் பாஸ் மட்டும் தனியாகப் பழைய சுருதியில் நிற்கும், இல்லையென்றால் அதன் ஸ்விட்சுகள் இறங்கும். ஒவ்வொரு லைப்ரரியின் கையேட்டையும் பார்த்துத்தான் எல்லை வைக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை.

ஒத்திகையில் ஸ்லைடரை நகர்த்தும் முன் பாட்டை நிறுத்திவிடுவது அவசியம். ஒரு நோட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது -2ஐ -3 ஆக்கினால், தொடங்கிய நோட்டு ஒரு எண்ணிலும் அதை நிறுத்தும் கட்டளை வேறு எண்ணிலும் போகும். தொடங்கியது நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

அக்கா -2ல் பாடிவிட்டு, "முடியுது தம்பி, ஆனா மேலே போறப்ப முருகன் பேரைக் கத்துற மாதிரி இருக்கு" என்றார். -4ல் சரணத்தின் கீழ்ப் பகுதி உள்ளே போய்விட்டது, மைக்கில் சொல் தெரியவில்லை. -3ல் பாடி முடித்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டினார். 3 கட்டை உறுதியானது.

ஒத்திகைக்குப் பிளகின் போதும் என்றாலும் காவடி நாளன்று அதை நம்பியிருக்க எனக்கு விருப்பமில்லை. யாராவது ஒரு பிளகினைத் தெரியாமல் அணைத்தால் ஒரு வாத்தியம் மட்டும் 5 கட்டையில் கிளம்பும். அதனால் நோட்டுகளையே மாற்றி எழுதினேன். சனவரி மாதம், இங்கே சூறாவளிப் பருவம். சூறாவளிக்கான மூன்றாம் எச்சரிக்கை வந்துவிட்டால் இந்தத் தீவில் யாரும் வெளியே வரமாட்டார்கள். ஒத்திகை நின்ற அந்த நேரம் இந்த வேலைக்கு வசதியாக அமைந்தது. மின்சாரம் போனாலும் லேப்டாப் பேட்டரியும் ஹெட்போனும் இருந்தால் போதும்.

நிரந்தர வழிக்கு நான் தேர்ந்தது கட்டளைகளை வேறு ட்ராக்குக்குப் பிரிப்பது. வயலின் ட்ராக்குக்கு மேலேயே 'வயலின் கட்டளை' என்று ஒரு காலி ட்ராக். மிடி எடிட்டரில் 24 முதல் 29 வரையுள்ள வரிசைகளை வலது பொத்தானை அழுத்தி இழுத்துச் சுற்றிப் பிடித்து, வெட்டி, அந்தப் புதிய ட்ராக்கில் அதே நேரக் கோட்டில் ஒட்டினேன். பிறகு அங்கிருந்து வயலின் ட்ராக்குக்கு ஒரு செண்ட் (ஒரு ட்ராக்கில் உள்ளதை இன்னொன்றுக்கு அனுப்பும் இணைப்பு), அதில் ஆடியோ இல்லை, மிடி மட்டும். வயலின் லைப்ரரி இரண்டு இடத்திலிருந்தும் மிடி வாங்குகிறது. இப்போது இசை ட்ராக்கில் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து -3 செய்தாலும், நாளைக்கு வேறொருவர் வந்து +5 செய்தாலும் கட்டளை அசையாது. ஒரே ட்ராக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் இசை நோட்டுகளை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுப்பதும் நடக்கும். ஆனால் அது செய்பவரின் கவனத்தை நம்பியது. பிரித்து வைத்த கோப்பு யார் கையிலும் பத்திரமாக இருக்கும்.

பிரிக்கும்போது ஒரு நுணுக்கம். கட்டளையும் இசை நோட்டும் ஒரே கணத்தில் தொடங்கும்படி எழுதியிருந்தால், இரண்டில் எது முதலில் லைப்ரரிக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இசை நோட்டு முந்திவிட்டால் அது பழைய வாசிப்பு முறையில் ஒலிக்கும், அடுத்த நோட்டிலிருந்துதான் புதியது வரும். அதனால் கட்டளை ட்ராக்கில் உள்ள எல்லாவற்றையும் ஒரு அறுபத்துநான்கில் ஒரு பங்கு நோட்டு அளவு முன்னால் தள்ளினேன். ரீப்பரில் ஒரு கால் நோட்டுக்கு 960 டிக், ஆக இது 60 டிக். பாட்டின் வேகம் 96 என்பதால் ஏறக்குறைய 39 மில்லிசெகண்ட். லைப்ரரிக்கு அது தாராளம், முந்தைய சொற்கட்டின் கடைசி நோட்டையும் அது தொடவில்லை. பாட்டின் முதல் நோட்டுக்கு முன்னால் தள்ள இடம் வேண்டுமே, அதற்காகத் தொடக்கத்தில் ஒரு காலி ஆவர்த்தனம் விட்டேன். இன்னொன்று: தள்ளிய பிறகு கட்டளை ட்ராக்கை யாரும் குவான்டைஸ் செய்யக் கூடாது. செய்தால் எல்லாம் திரும்பவும் தாளத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சில லைப்ரரிகளில் ஸ்விட்சை ஒருமுறை தட்டினால் போதும், அடுத்த கட்டளை வரும்வரை அதே முறை நிற்கும். சிலவற்றில் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான். இந்தக் கோர்வையில் புல்லாங்குழல் இரண்டாம் வகை. அங்கே கட்டளை நோட்டின் நீளத்துக்கும் அர்த்தம் இருக்கிறது. முன்னால் தள்ளும்போது நோட்டின் முடிவும் சேர்ந்து முன்னால் வந்துவிடும், கடைசி இசை நோட்டு கட்டளை இல்லாமல் தொடங்கிவிடக் கூடும். அதனால் அந்த ட்ராக்கில் மட்டும் தொடக்கத்தை முன்னால் இழுத்து, முடிவை இருந்த இடத்திலேயே விட்டேன்.

அடுத்தது வாத்தியத்தின் எல்லை. கட்டளை எல்லாம் சரியான பிறகும் இரண்டாம் வயலினில் ஓர் இடம் ஊமையாக இருந்தது. பார்த்தால், 5 கட்டையில் அது கீழ் ரிஷபம் வரை இறங்கியிருக்கிறது, எண் 57. மூன்று குறைத்தால் 54. வயலினின் தாழ்ந்த தந்தி 55 என்பதால் அதற்குக் கீழே சாம்பிளே கிடையாது. வியோலா 48 வரை இறங்கும். அந்த ஒரு சொற்கட்டை மட்டும் வியோலாவுக்கு மாற்றிக் கொடுத்தேன், அதற்கான ஸ்விட்சையும் வியோலாவின் கட்டளை ட்ராக்கில் புதிதாக எழுதினேன். ஆக்டேவ் ஏற்றுவதும் ஒரு வழிதான். ஆனால் அந்த இடத்தில் அக்காவின் குரலுக்கு அடியில் ஒரு கனம் தேவை, மேலே ஏற்றினால் குரலோடு மோதும். டபுள் பாஸில் தாழ்ந்த ஷட்ஜம் 31ஆக இருந்தது, இறங்கி 28 ஆனது. சரியாகத் திறந்த ஈ தந்தி. இன்னும் ஒரு செமிடோன் இறக்கியிருந்தால் அடி ஷட்ஜமே இல்லாமல் போயிருக்கும்.

இனி தாள வாத்தியம். கீ ஸ்விட்ச் விஷயத்தைப் புரிந்துகொண்டவர்களுக்கு இது உடனே பிடிபடும், ஏனென்றால் இங்கே எல்லா நோட்டுமே ஒரு வகையில் கட்டளைதான். எங்கள் மிருதங்க லைப்ரரியில் 48 தொப்பியின் (இடப்பக்கத்தின்) 'தொம்', 51 வலந்தலையின் (வலப்பக்கத்தின்) 'நம்'. மூன்று இறக்கினால் 'நம்' எல்லாம் 'தொம்' ஆகிவிடும், 'தொம்' காணாமல் போகும். மேற்கத்திய டிரம் ட்ராக்கிலும் இதே கதை. ஜெனரல் மிடி வரிசையில் 38 ஸ்னேர், மூன்று இறக்கினால் 35, பாஸ் டிரம். 42 மூடிய ஹை-ஹாட், இறக்கினால் 39, கைதட்டல். 36 கிக், இறக்கினால் 33, அந்த வரிசையில் அது 35க்கு முன்னால் என்பதால் ஒன்றுமே இல்லை. ஆகவே தாள ட்ராக்குகளைச் சுருதி மாற்றத்திலிருந்து முதலிலேயே விலக்கி வைத்தேன். லாஜிக்கில் ஒரு ட்ராக்கைச் சுருதி மாற்றத்திலிருந்து விலக்கவே தனி அமைப்பு இருக்கிறது. ரீப்பரில் நான் அவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

ஆனால் மிருதங்கத்தை அப்படியே விடவும் முடியாது. வலந்தலை பாட்டின் சுருதிக்குச் சேர்ந்திருக்க வேண்டும். பாடுபவர் 3 கட்டையில் நிற்க, 'நம்' 5 கட்டையில் ஒலித்தால் இசை தெரியாத பக்தருக்குக்கூட ஏதோ உறுத்தும். மிருதங்க வித்வான்கள் இதற்காகவே தாழ்ந்த சுருதிக்கு ஒன்றும் ஏறிய சுருதிக்கு ஒன்றும் தனித்தனி மிருதங்கம் வைத்திருப்பார்கள். மென்பொருளில் நோட்டைத் தொடாமல் சாம்ப்ளருக்குள் போய் வலந்தலைச் சொற்களின் டியூனிங்கை மட்டும் -3 செய்தேன். மூன்று வரை குரல் கெடவில்லை. ஐந்து வரைக்கும் இறக்கிப் பார்த்தேன், தோல் தளர்ந்து தொளதொளவென்று கேட்டது. அவ்வளவு இறக்க வேண்டி வந்தால் தாழ்ந்த சுருதியில் பதிவு செய்த வேறு லைப்ரரிதான் வழி. தொப்பியைக் காதுக்குப் பிடித்த அளவு கொஞ்சம் இறக்கினேன். தவிலை விட்டுவிட்டேன்.

ரவானையும் தொடவில்லை. ஆட்டுத்தோல் கட்டிய வாத்தியம், வாசிக்கும் முன் நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்கள். அதன் குரல் ஒரு சுரத்தில் நிற்பதில்லை. அன்றன்றைய சூட்டையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்து மாறும். எந்தச் சுருதிப் பாட்டிலும் அது உட்காரும். அதன் 6/8 நடை எங்கள் திஸ்ரத்தோடு சேரும் இடம்தான் இந்தக் கோர்வையில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் கை வைக்காமல் இருக்க முடிந்ததில் சந்தோஷம்.

தம்புரா பிளகினில் சுருதிக்குத் தனி நாப் இருக்கிறது, அதில் 3 கட்டை வைத்தால் முடிந்தது. கமகங்கள் பிட்ச் பெண்டில் எழுதப்பட்டிருந்தன. பெண்ட் என்பது இருக்கும் நோட்டிலிருந்து எவ்வளவு விலகுவது என்ற கணக்கு. நோட்டு எங்கே போனாலும் கூடவே வரும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புல்லாங்குழலில் மட்டும் ஒரு டியூனிங் கோப்பு ஏற்றியிருந்தார்கள், காந்தாரமும் நிஷாதமும் நம் காதுக்கேற்ற இடத்தில் நிற்பதற்காக. அதன் ஆதார சுரம் ஜி என்று இருந்தது. அதை ஈ என்று மாற்றாவிட்டால் நுணுக்கமெல்லாம் தவறான சுரங்களின் மேல் போய் விழும். கோரஸ் ஏற்கெனவே ஆடியோவாகப் பதிவாகியிருந்தது. மென்பொருளில் மூன்று செமிடோன் இறக்கினால் பெண் குரல்கள் கனத்துப் போகின்றன, அதனால் திரும்பப் பாட வைத்தோம்.

கோவில் நாதஸ்வரக்காரர் கூடவே வாசிப்பதாக இருந்தால் இந்த வேலை முழுவதும் வேறு திசையில் போயிருக்கும். நாதஸ்வரத்தின் சுருதி குழலின் நீளத்தோடு பிறந்தது, பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் 2, 2½ கட்டைப் பக்கம் நிற்கும். அங்கே குரலும் லேப்டாப்பும்தான் அதைத் தேடிப் போக வேண்டும். எங்கள் பாடலில் நாதஸ்வரம் முன்னால் தனியாக வாசித்து முடித்த பிறகே பாட்டு ஆரம்பிக்கிறது, பிரச்சினை இல்லை.

எல்லாம் முடிந்து ஒத்திகைக்குக் கொண்டுபோனபோது வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. முதலிலிருந்து ஓட்டினால் சரியாக இருக்கும் பாட்டு, சரணத்திலிருந்து தொடங்கினால் வயலின்கள் சுண்டிக்கொண்டே போகின்றன. காரணம் நேரானது: சரணத்துக்கான 'நீட்டு' கட்டளை அனுபல்லவி முடிவிலேயே கொடுக்கப்பட்டு முடிந்துவிட்டது. நடுவில் தொடங்கும்போது அந்தச் சின்ன நோட்டு ஏற்கெனவே கடந்த காலம், லைப்ரரி கடைசியாக எதில் நின்றதோ அதிலேயே நிற்கிறது. இடையில் தொடங்கினால் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டிய நோட்டுகளை மென்பொருள் தேடிப் பிடித்து அனுப்பும் வசதி உண்டு, ஆனால் அது அந்தக் கணத்தில் நீண்டுகொண்டிருக்கும் நோட்டுக்குத்தான் உதவும். ஒத்திகையில் முழுப் பாட்டையும் யார் ஓட்டுகிறார்கள்? "சரணத்திலிருந்து" என்பதுதான் எப்போதும் கேட்கிற வார்த்தை. ஆகவே பல்லவி, அனுபல்லவி, ஒவ்வொரு சரணம், ஒவ்வொரு இடையிசை எல்லாவற்றின் வாசலிலும், வாசிப்பு முறை மாறாவிட்டாலும்கூட, அதற்குரிய கட்டளையைத் திரும்ப எழுதினேன். கட்டளைகள் தனி ட்ராக்கில் இருந்ததால் இது நகலெடுத்து ஒட்டும் வேலையாக முடிந்தது.

கட்டளையை நோட்டாகவே எழுதாமல் விடும் வழிகளும் இருக்கின்றன. புதிதாகக் கோர்வை தொடங்குபவர்கள் அதிலேயே தொடங்குவது நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. கியூபேஸில் 2009ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே எக்ஸ்பிரஷன் மேப் இருக்கிறது. லாஜிக்கில் 2018ல் வந்த 10.4 பதிப்பிலிருந்து ஆர்டிகுலேஷன் செட். வாசிப்பு முறை அந்த நோட்டின் ஒரு குணமாகவோ தனி வரிசையாகவோ பதிவாகிறது, லைப்ரரிக்கு அனுப்பும் கணத்தில்தான் மென்பொருள் அதைக் கீ ஸ்விட்சாக மாற்றுகிறது. சுருதியை எவ்வளவு மாற்றினாலும் அது அசையாது. ரீப்பரில் இதற்கு ரியாட்டிகுலேட் என்ற இலவசக் கருவி. அது ட்ராக்கில் நோட்டுக்குப் பதில் புரோகிராம் சேஞ்ச் (ஒலியை மாற்றச் சொல்லும் மிடி செய்தி) எழுதுகிறது. நடுவிலிருந்து தொடங்கினாலும் கடைசியாக வந்த புரோகிராம் சேஞ்சை ரீப்பர் தேடி அனுப்பிவிடும் என்பதால் சரணப் பிரச்சினையும் சேர்ந்தே தீர்கிறது. அடுத்த பாடலை அதில்தான் தொடங்கியிருக்கிறேன். இந்தப் பாடலை மாற்றவில்லை, காவடி நெருங்கிவிட்டது, ஓடுகிற கோர்வையைப் பிரித்து மேய இது நேரமில்லை. பழைய கோப்புகள் நோட்டு வடிவில்தான் நம் கைக்கு வந்துகொண்டிருக்கும், அதனால் பிரித்து வைக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சரிபார்த்த விதம். பழைய 5 கட்டைப் பிரதியையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக ஒலிக்கவிட்டு, பகுதி பகுதியாக மாற்றி மாற்றிக் கேட்டேன். முழுக் கோர்வையில் கேட்டால் ஒரு பிட்சிகாட்டோ காணாமல் போவதைக் காது விட்டுவிடும், தனியாகக் கேட்டால் விடாது. கண்ணாலும் பார்த்தேன்: இரண்டு பிரதிகளிலும் கட்டளை நோட்டுகளின் எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும், இசை நோட்டுகளின் எண்கள் எல்லா இடத்திலும் சரியாக மூன்று குறைந்திருக்க வேண்டும், வியோலாவுக்கு மாற்றிய அந்த இடத்தைத் தவிர.

இந்தப் பாடலைத் தங்களுக்கும் தரச் சொல்லி, பக்கத்துத் தீவான ரீயூனியனில் சென்-ஆந்த்ரே பக்கம் உள்ள ஒரு குழு கேட்டிருக்கிறது. அவர்கள் ரவானுக்குப் பதில் கயாம்பும் (குலுக்கி வாசிப்பது) ருலேரும் (பெரிய முரசு) நேரில் வாசிப்பார்கள், பாடுபவர் ஆண், சுருதி 1½ கட்டை. அவர்களிடம் இருக்கும் வயலின் லைப்ரரி வேறு. எங்கள் 27 அங்கே என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் கட்டளை ட்ராக்குகளை விட்டுவிட்டு இசை ட்ராக்குகளை மட்டும் மிடியாக எடுத்தேன். எந்த ஆவர்த்தனத்தில் எந்த வாசிப்பு முறை என்று ஒரு பக்கம் தனியாக எழுதிச் சேர்த்தேன். கோப்பின் பெயரிலேயே '3 கட்டை, கட்டளை நீக்கியது' என்று போட்டு அனுப்பினேன். 3லிருந்து 1½க்கு அவர்கள் இறக்க வேண்டியது மூன்று செமிடோன். அப்படி இறக்கினால் எங்கள் பாஸின் 28 இறங்கி 25 ஆகும், சாதாரண நாலு தந்தி பாஸில் அது கிடையாது. அந்த ஷட்ஜங்களை மட்டும் ஓர் ஆக்டேவ் ஏற்றிக்கொள்ளச் சொல்லி அதே பக்கத்தில் அடியில் எழுதியிருக்கிறேன்.